டி ட்ரைவில் தர்மிகன்

2009 மே 21

சம்மாந்துறை நெல் ஆலைக்காரர் அச்சிமுகம்மது ஹாஜியார் மறுபடியும் போன் எடுத்தார். ஆலைக்குப் புதுத் தராசு வாங்கியிருக்கிறார். எங்கள் புரோகிராம் அதன் நிறையைப் பிழையாகக் காட்டுகிறது. "சிறுபோக நெல் வெட்டுக்கு முன்னுக்குச் சரிப்படுத்தித் தாங்க. இல்லாட்டி கொழும்பு ஆக்களக் கூப்பிடுறன், கோவிச்சுக்காதீங்க." கோவிக்க என்ன இருக்கிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

புரோகிராமை எழுதியவன் தர்மிகன். என் கம்ப்யூட்டர் கடையில் இருந்துதான் எழுதினான். சுனாமியில் போனான், உடல் கிடைக்கவில்லை. அவன் எழுதிய புரோகிராம் கோடு கடையில் பத்திரமாக இருக்கிறது. நாலு வரி மாற்றி, அதை ஓடுகிற புரோகிராமாகத் திரும்ப பில்ட் பண்ண வேண்டும். அவ்வளவுதான்.

மே 23

அவ்வளவுதான் இல்லை.

புது விண்டோஸில், பில்ட் பண்ணுகிற கம்பைலரும் புதிதாகப் போட்டு மருமகன் அஸ்பாக் பில்டை அமுக்கினான். ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று வந்தது. எந்த ஃபைல்? டி ட்ரைவ், தர்மிகன் என்ற ஃபோல்டருக்குள். கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுக்கிற சட்டியிலும் கதிரையிலும் பெயின்றால் பெயர் எழுதுகிற ஊர் இது. அவனும் ஃபோல்டருக்குத் தன் பெயரை வைத்து, அந்த முழு விலாசத்தையும் புரோகிராமுக்குள் எழுதிவிட்டான்.

அமுக்க அமுக்க அதே பெயர்.

"மாமா, இந்த மனிசன் இன்னும் வேலைக்கு வாறாரு போல" என்று அஸ்பாக் சிரித்தான். அவன் தர்மிகனைக் கண்டதில்லை.

மே 26

விலாசத்தை மாற்றினோம். ஹெடர் ஃபைல்கள் இருக்கின்றன, லைப்ரரி இல்லை. ஹெடர் கடைப் பெயர்ப்பலகை மாதிரி; என்னென்ன சாமான் உண்டு என்று சொல்லும். லைப்ரரிதான் உள்ளே இருக்கிற சாமான். பலகை தொங்குகிறது, கடை காலி. தராசோடு கதைக்கிற பகுதி முழுக்க அதற்குள்தான்.

மே 29

ஜும்ஆவுக்குப் பிறகு தேடியதில் பழைய பிரதி ஒன்றில் லைப்ரரி அகப்பட்டது. இணைத்தால் பக்கம் பக்கமாகப் பிழை. பழைய கம்பைலரில் செய்த லைப்ரரி, புதியதோடு ஒட்டாதாம். பழைய கம்பைலரையே போடுவோம் என்றால் அது புது விண்டோஸில் பாதியில் நிற்கிறது.

எல்லா இடத்திலும் பெயரை மாற்றிவிட்டோம். அப்படியும் இன்று ஒரு எச்சரிக்கை: டி ட்ரைவ், தர்மிகன், இன்ன ஃபைலைக் காணவில்லை. அது லைப்ரரிக்கு உள்ளேயே பதிந்திருக்கிறது என்றான் அஸ்பாக்.

கடை பூட்டும்போது தர்மிகன் இருந்து எழுதிய மூலையைப் பார்க்காமல் வந்தேன். பார்த்தால் என்ன? தெரியவில்லை.

ஜூன் 2

ஒரே வழிதான். லைப்ரரியின் கோடு கிடைத்தால் புதுக் கம்பைலரில் அதைப் புதிதாகச் செய்யலாம். அது தர்மிகனுடைய சீடியில். சீடி அவன் தாய் தங்கரத்தினம் அக்காவிடம். சுனாமி அன்று அவர் கடலுக்கு எட்டாத சாகாமத்தில் சொந்தக்காரர் வீட்டில் நின்றார், சீடி இருந்த மகனுடைய பையும் அங்கே. அதனால் இரண்டும் மிஞ்சின.

ஜூன் 4

அக்கா இருக்கிற சுனாமி வீட்டுத்திட்டத்துக்குப் போனேன். பை கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. நான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கினார். "சண்டை முடிஞ்சிட்டுத்தானே தம்பி. முகாமுகளில கனபேர் இரிக்காங்களாம். கடல் கொண்டு போயிருந்தா உடம்பக் காட்டியிருக்காதா? இயக்கம் சண்டைக்குப் பிடிச்சிட்டுப் போயிருக்கும். இனி விடுவாங்க."

எங்கள் ஆட்களில் மையித்துக் கிடைக்காதவர்களுக்கு, உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுது முடித்தோம். இவர் மகனுக்கு ஒரு கிரியையும் செய்யவிடவில்லை. ஐயரை ஏசித் துரத்தினார்.

யாரிடமும் எதையும் கேட்க நான் கூச்சப்பட்டதில்லை. ஆனால் அந்தச் சீடியைத் தாருங்கள் என்றால், அவன் வரமாட்டான் என்று நானே சொன்ன மாதிரி. வந்ததுக்கு ஒரு சாட்டாக, வழியில் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"வீட்டுல கருவாடு கிடந்து நாறுது, இது என்னத்துக்கு?" என்றாள் பெண்சாதி கமீலா.

ஜூன் 9

கொழும்பு ஆள் ஆலைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனானாம்.

ஜூன் 10

நேரே கேட்டுவிட்டேன். "அக்கா, தர்மிகன்ட சீடி ஒண்டு வேணும்."

"அவன் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

"நான் வாங்கிட்டுப் போன எண்டு சொல்லுங்க. கொப்பி எடுத்துட்டு இண்டைக்கே தாறன். கொப்பி எடுத்தா அதுல ஒண்டும் குறையாது."

"யாவாரி வாய்" என்றார். அசையவில்லை. "அது இல்லாம ஒங்கட மெசின் ஓடாதா?"

"ஓடாது. அவன்ட பேரச் சொல்லிச் சொல்லிக் கேக்குது அக்கா."

என்ன புத்தியில் சொன்னேனோ. அக்கா தலைமாட்டுப் பையை மடியில் எடுத்து வைத்தார். "அதுவும் அவனத்தான் தேடுதா" என்றார். பிறகு பையைத் திறந்து, மடித்த சேட்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தார். அஸர் தொழுகைக்கு முன் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே வைத்தார்.

ஜூன் 12

லைப்ரரியைப் புதிதாகச் செய்து இணைத்தோம். பில்ட் ஓடி முடிந்தது. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. தர்மிகன் என்ற பெயர் ஓர் இடத்திலும் வரவில்லை.

அஸ்பாக் பிளேன்டீக்குச் சொல்லிவிட்டான். எனக்கு, கடைக்குள் இருந்த யாரோ எழும்பிப் போன மாதிரி இருந்தது. சந்தோசப்பட வேண்டியதுதானே? திரும்ப ஒருதரம் அமுக்கச் சொன்னேன். அப்போதும் வரவில்லை.

ஜூன் 15

ஆலையில் போட்டுப் பார்த்தோம். நிறை சரி. ஹாஜியாருக்குத் திருப்தி.

ஜூலை 27

தங்கரத்தினம் அக்கா கடைக்கு வந்தார். அவருடைய தம்பிக்காரன் வவுனியா முகாம் வரை போய் விசாரித்திருக்கிறார். முகாமில் அவர் கண்ட எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் தர்மிகனைச் சண்டை நடந்த பக்கம் கண்டதே இல்லையாம், ஒரு நாளும்.

சீடியை மேசையில் வைத்தார். "இது ஒங்கட கடையில கிடக்கட்டும் தம்பி. வியாழக்கிழம கடற்கரையில கிரியை, ஐயர் வாறார். நீங்களும் வரோணும்."

"ஓம் அக்கா" என்றேன்.

ஜூலை 30

கடை திறக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு இன்றுதான் கடற்கரைக்குப் போனேன். ஆட்களுக்குப் பின்னால், கடலுக்குப் பக்கவாட்டாகத் திரும்பி நின்றேன்.

இறந்தவரின் பெயர் என்ன என்று ஐயர் கேட்டார். அக்கா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. சொந்தக்காரர்களும் அவர் சொல்லட்டும் என்று நின்றார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான்தான் சொன்னேன்.