ஏழு வினாடி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே டுலூத் ஊரில் இன்னும் பனி உருகவில்லை. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டபின், பிள்ளைகள் யோசிப்பதற்காக ஆசிரியர் ஏழு வினாடி வாய் திறக்கக் கூடாது என்று ஆசிரியர் பயிற்சியில் சொன்னார்கள். மனதுக்குள் எண்ணுகிறேன்.

நேற்று, செப்டம்பரிலிருந்து வாயே திறக்காத ஓடலிஸ் என்ற மாணவி, நான் ஆறு எண்ணும்போது பின்னக் கணக்குக்குச் சரியான விடை சொன்னாள்.

"இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

"நான் யோசிக்கிறதுக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பலகையை அழித்தேன்.

கல்லூரியை ஏன் விட்டாய் என்று அன்று சமையலறையில் உன்னைக் கேட்டேன். "சோம்பேறித்தனம், வேறென்ன?" என்று பதிலையும் நானே சொன்னேன். நீ ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். மூன்று வருடமாகிறது.

மறுபடி கேட்கிறேன். ஏன் விட்டாய்?

எத்தனை நாளானாலும் சரி, இந்த முறை எண்ண மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா