எதிரே உட்கார்ந்தவரின் வலது கண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், அவள் கோபமும் ஒரு குறையும் இல்லாமல் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது, போட்டோவில் கன்னம் ஒட்டிப்போன மாதிரி இருக்கிறது, அது கேமராவின் கோளாறு என்று சொல்வாய், லென்ஸைப் பற்றி எனக்கே கதை விடாதே. உன் கடிதம் வந்தது. ஸ்கேன் மெஷினுக்குள் போகப் பயந்து முரண்டு பிடிக்கிறவர்களையெல்லாம் உன்னிடமே அனுப்புகிறார்கள் என்றும், எல்லாரும் உன்னை எப்படி இப்படி நம்புகிறார்கள் என்று பெரிய டாக்டரே கேட்டார் என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் அம்மா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றாள். அந்த வாய் உனக்கு வந்த கதை அவளுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. சிலிண்டர்க்காரர் மணி அடித்தால் நீ கட்டிலுக்கு அடியில், நான் குளியலறையில், இந்த வீட்டில் வேறு மனுஷங்களே இல்லையா என்று அம்மா வாசலில் நின்று கத்துவாள், அவர் போனதும் நாம் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி வெளியே வருவோம். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது நீ வாயைத் திறக்காமல் விரலை மட்டும் தூக்குவாய், அதையும் முன்னால் உட்கார்ந்த பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் தூக்குவாய், ஒரு மாதம் முழுக்க நீ வரவே இல்லை என்று எழுதிவிட்டு டீச்சர் வீட்டுக்கே விசாரிக்க வந்தார். அன்றைக்கும் நீ முதலில் கட்டிலுக்கு அடியில் போனாய், இடம் இருந்ததால் நானும் வந்தேன். அப்புறம் ஏழு வயதில் ஒருநாள் நீயாகவே வகுப்பில் எழுந்து, எனக்குப் பேச வெட்கமா இருக்கு டீச்சர், ஆனா பேசப்போறேன் என்று சொல்லிவிட்டாய். வெட்கத்தை முதல்ல சொல்லிட்டா அப்புறம் ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்லப்பா என்று அன்று சாயங்காலம் எனக்குப் பாடம் வேறு எடுத்தாய். நான் தலையை ஆட்டிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். அதற்கான தண்டனை போன மாதம் கிடைத்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் கண்ணாடிக் கடையில் இருபத்தெட்டு வருஷமாக முன்பக்கம் கூட்டாளி மாமா, தட்டிக்குப் பின்னால் நான். பவர் பார்ப்பது, பிரேம் எடுத்துக் காட்டுவது, உங்க முகவெட்டுக்கு இதுதான் எடுப்பு என்று வருகிற அத்தனை பேரிடமும் புளுகுவது எல்லாம் அவர். தட்டியில் இருக்கிற சின்னத் திறப்பு வழியாக அவர் சீட்டை உள்ளே தள்ளுவார், நான் லென்ஸைத் தேய்த்துப் பொருத்திக் கண்ணாடியை வெளியே தள்ளுவேன். அந்த மாமா ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறி போர்டைத் துடைக்கப் போய்க் காலை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டு மாதம் முன்பக்கமும் நான்தான் என்று ஆகிவிட்டது. முதல் நாள் வந்த முதல் ஆளே ஒரு பஸ் டிரைவர். கதவளவு மனிதர், அதற்கேற்ற மீசை. உட்கார்ந்ததும் எந்த ரூட், எத்தனை மணிக்கு முதல் வண்டி, மாமியாருக்கும் அவருக்கும் என்ன தகராறு என்று எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார், பேரை மட்டும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கக் கூச்சம். போன் நம்பர் கேட்க அதைவிடக் கூச்சம். சீட்டில் பஸ் டிரைவர், பெரிய மீசை என்று எழுதிக்கொண்டேன். பவர் பார்த்துக் குறித்து, அன்று மாலையே கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, தரை கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கே என்றார். இன்னொரு தடவை பார்க்கிறேன், உட்காருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இன்னும் பத்து நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கூட்டாளி மாமா வழக்கமாகச் சொல்வதை நானும் எடுத்துவிட்டேன், ரெண்டு நாள்ல பழகிடும் என்று. அவர் நம்பிக்கொண்டு போனார். நாளைக்கு ஒன்பதரை வண்டி என்னுது, புதுக் கண்ணாடியோட ஜம்முனு ஓட்டப்போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கடை திறந்ததும், கை பழகட்டும் என்று உன் அம்மாவை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கிற அந்த இரும்புச் சோதனை பிரேமை மூக்கில் மாட்டி, பவர் பார்த்துச் சீட்டு எழுதினேன். அவள் அதைப் பிடுங்கிப் பார்த்தாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு எனக்கு மங்கல் இடது கண்ணுன்னு கூடத் தெரியலையா, வலதுன்னு எழுதியிருக்கீங்க, என் மூஞ்சியை என்னிக்காவது நேருக்கு நேரா பார்த்திருந்தாத்தானே என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. தட்டிக்குப் பின்னால் கண்ணாடி எப்போதும் போட்டுக்கொள்கிற வாக்கில்தான் என் கையில் இருக்கும், என் வலதுதான் அதற்கும் வலது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்தால் அவருடைய வலது கண் என் இடது கைப்பக்கம் வரும் என்பது இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட எனக்குத் தேவைப்படவில்லை. சின்னக் குழந்தைக்குத் தெரிகிற விஷயம் அம்மாடி, ஆளைக் கண்டால் ஒளிகிறவனுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு மாற்றி எழுதியிருக்கிறேன் என்றால் மீசைக்காரருக்கும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவருக்கு ஒரு கண் ரொம்பவே மங்கல், இன்னொன்று லேசான மங்கல். இரண்டு லென்ஸும் இடம் மாறிய கண்ணாடியோடு அவர் ஒன்பதரைக்கு ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பப்போகிறார். போன் பண்ண நம்பர் இல்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பஸ் டிப்போவுக்கு ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபது. டீக் குடிக்கிற ஷெட்டில் நாற்பது டிரைவர்கள், எல்லாரும் ஒரே காக்கிக் கலர். பெரிய மீசை என்று நான் எழுதிய அடையாளத்தின் லட்சணம் அங்கேதான் தெரிந்தது, மீசை இல்லாதவரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தூண் ஓரமாக ஐந்து நிமிஷம் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன், திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் நீ அன்றைக்கு எடுத்த பாடம் ஞாபகம் வந்தது. பெஞ்சு மேல் ஏறினேன். எனக்குப் பேச வெட்கமா இருக்கு, ஆனா பேசித்தான் ஆகணும், நேத்து உங்கள்ல ஒருத்தருக்கு நான் கண்ணாடியைத் தப்பாக் குடுத்துட்டேன், தயவுசெஞ்சு அதைப் போட்டுக்கிட்டு வண்டி எடுக்காதீங்க என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது. உடனே பதினைந்து பேர் கண்ணாடியைக் கழற்றினார்கள், அதில் ஒருவர் கூட நம் கடைப் பக்கம் வந்தவரில்லை. டீக்கடைக்காரர் தன்னுடையதையும் கழற்றித் துடைத்துச் சந்தேகமாகப் பார்த்தார். நம் மீசைக்காரர் அதற்குள் வண்டியில் ஏறி என்ஜினைப் போட்டிருந்தார், யாரோ ஓடிப்போய் இறக்கிக் கூட்டி வந்தார்கள். அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். புதுக் கண்ணாடி போட்டும் சரியாத் தெரியலைன்னதும் என் கண்ணே போச்சுன்னு நினைச்சேங்க, வீட்டுல சொல்லக்கூட வெட்கமா இருந்துச்சு, இன்னிக்கு இந்த ஒரு நடையோட வண்டியை விட்டுடறேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுக்க இருந்தேன் என்றார். அவ்வளவு பெரிய ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. அன்றைய வண்டியை வேறொருவர் எடுத்தார். அவரைக் கையோடு கடைக்குக் கூட்டி வந்தால் உன் அம்மா அந்த இரும்பு பிரேமைக் கழற்றத் தெரியாமல் அப்படியே மாட்டிக்கொண்டு, பயந்து நிற்கிற ஒரு தாத்தாவுக்குப் பிரேம் காட்டிக்கொண்டிருந்தாள்.

புது லென்ஸ் இரண்டையும் தட்டியை விலக்கி வைத்து அவர் கண் முன்னாலேயே தேய்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து மூன்று வாரத்தில் பதினாறு டிரைவர்கள் வந்துவிட்டார்கள். வெட்கப்படுற கண்ணாடிக்காரர் யாருங்க என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். தப்பு செய்த கடைக்கு ஏன் வருகிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டே விட்டேன். தப்பு எல்லாக் கடையிலயும்தான் நடக்குது, ஓடி வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தானே என்றார். உன்னைக் கேட்ட பெரிய டாக்டருக்கும் இதுதான் பதிலாக இருக்கும் என்று தோன்றுகிறது, யோசித்துச் சொல். கூட்டாளி மாமாவிடம் சொன்னபோது மாவுக்கட்டு ஆட ஆடச் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்தி, வர்றவங்க யாராவது என்னைக் கேட்கிறாங்களா என்றார். நிறையப் பேர் கேட்கிறாங்க என்றேன். கேட்டது தபால்காரர் ஒருவர்தான், அதுவும் கையெழுத்து வாங்க.

இன்னொன்று. நீ போன் செய்கிறபோதெல்லாம் நல்லா இருக்கியா, இந்தா அம்மா என்று சொல்லிக் கைமாற்றிவிடுகிறேன். அப்பாவுக்குப் பேச ஒன்றுமில்லை என்று நீ நினைத்திருப்பாய். நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் உன் பெட்டிப் பூட்டை நான் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேனே, பூட்டு சரியாகத்தான் இருந்தது, உன்னைப் பிரிந்து எப்படி இருப்பேன் என்று சொல்ல வந்துதான் அதை இழுத்துக்கொண்டு நின்றேன். ஆறு வருஷமாக அது தொண்டையிலேயே நிற்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீண்ட ஆயுளோடு நிறைவாக இரு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானே போன் செய்வேன், மறக்காதே. அம்மா எங்கே என்று கேட்காதே, அவளைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டுத்தான் பேசுவேன். நடுவில் சத்தமே வராவிட்டால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே கண்ணு, இந்தப் பக்கம் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா