வாஷிங்டன் வீட்டுக்குப் போன பிறகு

பசுந்தாங், ரங்கூன்
1999 டிசம்பர், நோன்பு மாதம்

அன்பு மகன் அஜ்மலுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அல்லாஹ் கிருபையால் நோன்பும் தொழுகையுமாக நாள் போகிறது, அந்தக் குளிரில் நீயும் மருமகள் மெஹ்ரீனும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

நீ வர்ஜீனியாவிலிருந்து அனுப்பிய ஜார்ஜ் வாஷிங்டன் புத்தகம் வந்தது. வாப்பாவுக்குக் கண்ணில் புரை, அதனால் நான்தான் தினம் கொஞ்சம் வாசித்துத் தமிழில் சொன்னேன். சண்டை போட்டு நாட்டை மீட்டார், இரண்டு தடவை ஜனாதிபதியாக இருந்தார், இன்னும் இருங்கள் என்று கெஞ்சியும் போதும் என்று பண்ணைக்குப் போய்விட்டார், பின்னால் வந்தவர்களுக்கும் அதுவே வழக்கமானது என்ற இடத்தில் வாப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். ஏனென்று உனக்குத் தெரியும், பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சும் கமிட்டிக்கு நீ பிறக்கும் முன்பிருந்தே அவர்கள்தான் தலைவர். நோன்போடு யாரும் ருசி பார்ப்பதில்லை, வாப்பா ஆவியை முகர்ந்தே உப்புச் சரியா என்று சொல்வார்கள். போன வருஷம் மறந்துபோய் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டார்கள். ஜமாஅத் முழுக்க முகம் சுளிக்காமல் குடித்தது, அந்த மரியாதைதான் வாப்பாவை அரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் வேறு நெஞ்சு பலவீனம், அடுப்பண்டை நிற்காதீர்கள் என்கிறார்.

தன் அடிமைகளை மட்டும், தானும் மனைவியும் மௌத்தாகிக் கண்மூடிய பிறகுதான் விட வேண்டும் என்று வாஷிங்டன் எழுதிவைத்தாராமே, நாற்காலியை விடத் தெரிந்தவருக்கு அது தெரியவில்லையா என்று நான் பொரிந்து தள்ளினேன். இந்த வருஷம் முதல் நோன்பன்று வாப்பா பள்ளிவாசலுக்குப் போய், உன்னோடு படித்த ஜமால் கையில் அகப்பையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். ஜமால் அழுதுவிட்டானாம். இப்போது தினமும் முதல் தூக்குச் சட்டிக் கஞ்சி நம் வீட்டுக்குத்தான் வருகிறது, வாப்பா மூடியைத் திறந்து முகர்ந்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

ஆனாலும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நேற்று கேட்டார்கள், அந்த மனுஷர் வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்தார் என்று. குதிரையேறித் தோட்டம் சுற்றினார், வந்த விருந்தாளிக்கெல்லாம் சாப்பாடு போட்டார் என்றேன். அப்படியா, நல்லது என்றார்கள். அத்தோடு புத்தகத்தை என் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மெஹ்ரீன் முகத்தில் அரைத்துப் பூசக் கேட்ட தனக்காக் கட்டை அங்கே வரும் பீர் முகைதீன் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. இரண்டு பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வை. வாஷிங்டன் வீட்டுக்குப் போய் மூன்று வருஷம்கூட ஆகவில்லை, பனியில் நனைந்து தொண்டை கட்டி அவர் மௌத்தாகிவிட்டார் என்பதை வாப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் போனில் வாய்தவறிச் சொல்லிவிடாதே.

துஆவுடன்,
உன் உம்மா
கரீமா