காரும் வரும், நானும் வருவேன்

மகள் வீட்டுல கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற மகாராணிக்கு,

காரை வித்தாத்தான் வீட்டுக்கு வருவேன்னு சொல்லி அனுப்பியிருக்க. விக்க மாட்டேன். நடுரோட்டுல நின்ன வண்டியத் தள்ளச் சொன்னதுக்கா இவ்வளவு கோவம்?

எஞ்சினக் குளுத்துற கூலன்ட் தண்ணி ஒழுகுறது ஒரு குத்தமா? ஹோஸ மாத்தினேன், பம்ப்ல ஒழுகுச்சு. பம்ப்ப மாத்தினேன், இப்ப ரேடியேட்டர்ல ஒழுகுது. மெக்கானிக், "பெருசு, ஓடுற வரைக்கும் ஓடிருச்சு, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க"ன்னான். "நானும்தான் ஓடிட்டேன், என்னையும் சேத்துப் போடுறியாடா?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ரேடியேட்டரக் கழட்டினான்.

எழுத்து ஏன் கோணலா இருக்குன்னு துருவாத. எஞ்சின் சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியத் திறந்துட்டேன், கையில லேசா ஆவி பட்டுச்சு. லேசாத்தான். மகள்கிட்ட மூச்சு விடாத.

சமையல் எல்லாம் ஜோராப் போகுது. என்ன, அரிசி மட்டும் ரெண்டு பேருக்கு விழுந்துடுது. மிச்சத்த மறுநாளும் சாப்பிடுறேன்.

ஞாயித்துக்கிழமை காலைல காரோட வந்து வாசல்ல நிப்பேன். வழியில சூடு ஏறினா ஹீட்டரப் போட்டு, எஞ்சின் சூட்ட நம்ம பக்கம் இழுத்துக்கணும். வேர்த்து ஊத்தும், விசிறி எடுத்துக்க.

ஏற மாட்டேன்னா பஸ்ல போ. வீடு வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலயே ஹாரன் அடிச்சுக்கிட்டு வருவேன். ஹாரன் சத்தம் நின்னுடுச்சுன்னா இறங்கி வா. தள்ள ஆள் வேணும்.

இப்படிக்கு,
எதையும் விக்காத உன் வீட்டுக்காரன்