கட்டுக்குள் இருக்கும் சாமி

மலைமேல் தொலைநோக்கியே கதியென்று இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். மற்றபடி கோபமாகத்தான் எழுதுகிறேன்.

மகளின் நல்ல கண்ணைக் கட்டி வைத்தால்தான் சோம்பேறிக் கண் பார்க்கப் பழகும் என்று டாக்டர் சொன்னதும், கட்டை அவள் பிய்த்துப் பிய்த்து எறிந்ததும் உங்களுக்குத் தெரியும். போனில் நீங்கள்தானே சமாதானம் செய்தீர்கள்? "கட்டுக்குள்ள இருட்டா இருக்குல்ல செல்லம், அதான் வானம். நல்லா உத்துப் பாரு, சாமி தெரிவாரு." அதற்குப் பிறகு அவள் கட்டின்மேல் கை வைக்கவே இல்லை. சத்தமில்லாமல் இருக்கிறாளே என்று நானும் நிம்மதியாக அடுத்த அறையில் ட்யூஷன் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

நேற்று டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ஏம்மா, கட்டு போடுறீங்களா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். கடுகளவுகூட முன்னேற்றமில்லை. இப்படியே விட்டால் மூளை அந்தக் கண்ணைக் கைகழுவிவிடுமாம், பிறகு கண்ணாடி போட்டும் பலனில்லையாம். வீட்டுக்கு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கட்டை ஒட்டியதும் மகராசி சோபாவில் சாய்ந்து, திறந்திருக்க வேண்டிய கண்ணையும் இறுக மூடிக்கொள்கிறாள்! ஏன்டி என்றால், "இதத் தொறந்தா சாமி போயிடுறாரும்மா" என்கிறாள்.

அப்படி என்னடி தெரிகிறது என்று கேட்டேன். உள்ளே புள்ளி தெரிகிறதாம், புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொன்று. கடைசிப் புள்ளி எங்கே என்று கேட்டாள். கடைசி என்று ஒன்று கிடையாது என்றேன். "அப்போ அதான் சாமி" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். கணித முதுகலையில் முடிவிலியோடு மல்லுக்கட்டிய நாட்களில் எனக்கும் ஒருமுறை அங்கேதான் உடம்பு சிலிர்த்தது. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது. அவள் கண்டது பொய் என்று எந்த வாயால் சொல்வேன்?

சாமி வெளியேயும் இருக்கிறார், சுவரில் இருக்கிறார், சன்னலில் இருக்கிறார் என்று கெஞ்சிப் பார்த்தேன். "உனக்குத் தெரியாதும்மா, அப்பாதான் சாமியத் தேடுற ஆபீஸ்ல இருக்காரு" என்று என் வாயை அடைத்துவிட்டாள். நீங்களே போனில் சொல்லலாம் என்றால், உங்கள் குரலைக் கேட்டதுமே இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறாள். போன் வேண்டாம்.

நேரில் வாருங்கள். உங்கள் விடுப்பும் கணக்கில் வரும் எல்லை மாதிரிதான், நெருங்கிக்கொண்டே இருக்கிறது, வந்து சேர்வதில்லை. உங்கள் நட்சத்திரங்கள் எத்தனையோ கோடி ஆண்டு காத்திருந்தவை, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். இந்தக் கண் காத்திருக்காது.

வந்து அவள் எதிரில் நில்லுங்கள். அந்தக் கண்ணைத் திறந்தால் மங்கலாகவாவது நீங்கள் தெரிய வேண்டும். சாமி வெளியேயும் நிற்பார் என்று அவள் நம்ப அது போதும். எனக்கும் அது போதும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி