அது வேளாங்கண்ணி மொட்டை இல்லை

இயேசு மரி சூசை துணை

செஞ்சி
9-2-2025

அன்பு மகன் ஆல்பர்ட்டுக்கு நைனா எழுதிக்கொள்வது. மாதா தயவில் இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், மஸ்கட்டில் நீ சாப்பாடு தூக்கம் குறையாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாயால் சொல்ல வரவில்லை, நாலு தடவை ஆரம்பித்து மழைப் பேச்சுக்குப் போய்விட்டேன். அதனால்தான் லீவு முடிந்து அங்கே வருகிற எழிலரசனிடம் கவரை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

போன வருஷம் வீடியோவில் என்னை மொட்டையோடு பார்த்தாயே, வேளாங்கண்ணியில் முடி கொடுத்தேன் என்றேன். அது பொய். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் கொட்டின முடி அது. பயப்படாதே, இப்போது நோய் இல்லை. அதற்கு முந்தின கார்த்திகையில் குளிக்கும்போது வலது விதையில் கல் மாதிரி ஒன்று கையில் பட்டது. வலி இல்லை, டிராக்டர் சீட்டில் இடித்திருக்கும் என்று நாலு மாதம் விட்டுவிட்டேன். உன் அம்மா போன பிறகு இதையெல்லாம் யாரிடம் சொல்வது? வெளியே தெரிந்தால் உனக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களே என்றும் பயம். கனம் தாங்காமல் செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஸ்கேன் பார்த்து அன்றைக்கே பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்குக் கூட வந்தவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். யாரும் வரவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்துக் கட்டிலில் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்த மண்டகப்பட்டுக்காரர் தனசேகரன் எழுந்து வந்து, "நான் போடறேன், தம்பின்னு எழுதிக்கோங்க" என்று போட்டார். முன்பின் தெரியாதவர். அந்த விதையை எடுத்துவிட்டார்கள். பிறகு மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நாள் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். கையில் ஊசியோடு உன் போனை எடுப்பேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டது கேட்டு யாரது என்றாய், ரேஷன் கடை அம்மா என்றேன். வீட்டுக்கு வந்தால் கஞ்சி வைக்கவும் நான்தான், குடிக்கவும் நான்தான், வாந்தியைக் கழுவவும் நான்தான்.

இப்போது முடி வந்துவிட்டது, முன்பைவிட சுருட்டை. விரல் நுனி மட்டும் மரத்துக் கிடக்கிறது, சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. போன மாதம் செக்கப்பில், மகனிடம் சொல்லிவிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். ஃபாரின்ல இருக்கான் சார் என்றேன். "அதுக்கு? அப்பாவுக்கு இருந்தா பையன் கவனமா இருக்கணும்யா" என்றார். உன்னைக் கலங்க விடக் கூடாது என்று மறைத்து உன்னையே மாட்டிவிட இருந்தேனே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. மாதம் ஒருதரம் குளிக்கும்போது இரண்டையும் விரலால் உருட்டிப் பார் ஐயா. கட்டியோ கனமோ தெரிந்தால், வலிக்கவில்லையே என்று விடாதே, வெட்கப்படாதே, அந்த வாரமே டாக்டரிடம் போ. பெண் வீட்டாரிடம் என் நோயை நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். கொடியில் கிடக்கிற துணியை எடுக்க வேண்டும், முடிக்கிறேன். லீவு போட்டு ஓடி வராதே என்று கடைசியில் எழுதத்தான் நினைத்திருந்தேன். எழுத மனசு வரவில்லை. முடிந்தால் வா.

உன் நைனா
அடைக்கலராஜ்