'ஒருமனதாக' என்று நான் எழுதிய குறிப்பு

அக்கா,

நேற்று பழைய டெண்டர் கோப்பு ஒன்றைத் திறந்ததும் பூஞ்சை வாடை மூக்கில் ஏறியது. அரசு கொள்முதல் எப்படி நடக்கிறது என்று மதிப்பிட ஒரு குழு வந்திருக்கிறது. அதில் ஒரு பெண், "கூட்டத்தில் யாராவது மறுத்துப் பேசியிருக்கிறார்களா? ஒரு பதிவு காட்டுங்கள்" என்றார். என் கை நேராக அந்தக் கோப்புக்குத்தான் போனது.

கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில், உள்ள கிளினிக்குகளுக்குத் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டிகள் வாங்கிய டெண்டர். நாம் இருவரும் தேர்வுக் குழுவில் இருந்தோம். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. கூட்டத்தன்று காலை கேண்டீனில் டெண்டர் நிபந்தனைத் தாளைத் தட்டிக் காட்டினீர்கள்.

"பாருங்க தம்பி, கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னுகூட போட்டிருக்காங்க. ஒரே கம்பெனி பெட்டிதான் இதுக்குப் பொருந்தும்லா."

"ஆமாக்கா, நானும் பார்த்தேன்" என்றேன்.

கூட்டத்தில் அதையே மலாயில் நிதானமாகச் சொன்னீர்கள். வேறு யாருக்காவது இந்தச் சந்தேகம் உண்டா என்று தலைவர் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்த நேரம். பிறகு, யாரும் சொல்லாமலேயே, 'ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது' என்று எழுதினேன்.

குறிப்பைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தீர்கள். "பயந்தா பரவால்ல தம்பி. ஆனா நான் சொன்னத எழுதியிருக்கலாம்லா."

உங்களைத் தொலைவில் பண்டார் தெங்காரா ஊருக்கு மாற்றினார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பெட்டிகள் பழுதானபோது உதிரிப் பாகம் கிடைக்காமல், கெட்டுப்போன மருந்தைக் கொட்டினார்கள். உங்களை அழைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாசாயில் உங்கள் அடக்கத்துக்கு வந்தபோது உங்கள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஃபீஸ் தம்பின்னு உங்களப் பத்தி நல்லாத்தான் பேசுவா" என்றார். ஒரு வார்த்தைகூடத் தவறாகச் சொல்லியிருக்கவில்லை நீங்கள்.

நேற்று அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆவணம் இருக்கிறதா?"

"இல்லை. நான்தான் எழுதாமல் விட்டேன்."

"இப்போது எழுதித் தருவீர்களா? கையெழுத்தோடு?"

இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் எனக்குப் பணி ஓய்வு. இழக்க ஒன்றும் இல்லாத நாளில் வந்த துணிச்சல் இது என்று எனக்கே தெரியும். எழுத உட்கார்ந்ததும், அன்று நீங்கள் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் வரிசையாக வந்தது. ஒன்றுகூட மறக்கவில்லை, அக்கா. அன்றும் எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கிறது.